ஈசானிய மூலையில் ஒரு வாசல்

அத்தியாயம் 17

இரண்டு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் சுவரில் ஒரு வாசல் முளைத்திருக்கிறது.

சண்முகசுந்தரி ஸ்கூட்டரை நிறுத்தி, காலை ஊன்றியபடி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். மேற்கே மலையைக் காணவில்லை. சாரல் மூடியிருந்தது. மலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து காற்று மட்டும் ஈரத்தோடு வந்து, அந்தப் புது வாசல் வழியாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தச் சுவர் எப்படி எழும்பியது என்று தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், மேலகரம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது அந்த இடம். ஆவுடைநாயகம் அறக்கட்டளையின் ஆரம்பப் பள்ளிக்கூடம் அங்கே எழும்புகிறது. ஆவுடைநாயகம் இப்போது இல்லை. மகன் செந்தில்வேல் அறக்கட்டளையைப் பார்த்துக்கொள்கிறார். மகள் சண்முகசுந்தரி, ஐம்பத்துநாலு வயது, பூகம்பத்தைத் தாங்குகிற கட்டடங்களைக் கட்டுவதற்கென்றே படித்த இன்ஜினியர். குஜராத்தில் இருபது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடங்கள் கட்டினாள். அண்ணன் கூப்பிட்டதால் போன வருடம் ஊருக்கு வந்தாள். அப்பா சாவுக்கு வராதவள் கட்டடம் கட்ட வந்துவிட்டாள் என்று ஊர் பேசியதும், அவள் அதற்குப் பதில் சொல்லாததும் முன்னாலேயே எழுதியாகிவிட்டது.

கட்டடம் வேறு ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் தினுசாக இருந்தது. கிணறு தோண்டிய மண்ணில் கொஞ்சம் சிமென்ட் சேர்த்து, மெஷினில் அழுத்தி, சூளையில் வேகவைக்காமல் நிழலில் உலர்த்திய கட்டிகள். இடித்த அரிசி ஆலையிலிருந்து எடுத்து வைத்த ஓடுகள்தான் கூரைக்கு. செங்கோட்டைக் கணவாய்க் காற்று வகுப்பறைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி ஜன்னல்கள். தலைக்கு மேல் பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. மண்ணுப் பள்ளிக்கூடம் என்பது ஊரின் கேலி.

இன்றைக்குப் பட்டை போடும் நாள். கதவு ஜன்னல்களுக்கு மேலே, கட்டடம் முழுவதையும் சுற்றி, ஓர் இடத்திலும் அறுபடாமல் ஓடும் காங்கிரீட் பட்டை. பூமி அசைந்தால் நாலு சுவரும் நாலு பக்கமாகப் பிரியப் பார்க்கும். பிரிவது மூலையில்தான் தொடங்கும். பட்டை அதை விடாது. கொத்தனார் பேச்சிராஜுக்கு இதை அவள் தாளில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது, மண் சலித்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் எட்டிப் பார்த்து, “அரைஞாண் கயிறுன்னு சொன்னா முடிஞ்சு போச்சு, இதுக்குப் போயி படம் போடுதாவ” என்றாள். அன்றிலிருந்து அதற்கு அரைஞாண் என்றே பேராகிவிட்டது.

அந்த அரைஞாண் வடகிழக்கு மூலையில் அறுந்து கிடந்தது.

மூலையையே காணோம். மூன்றடி அகலத்துக்கு, கீழிருந்து மேல் வரைக்கும் கட்டிகளைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அஸ்திவாரத்திலிருந்து மூலையோடு ஏறி வந்த நிலைக்கம்பியை முழங்கால் உயரத்தில் அறுத்திருந்தார்கள். மேலே, பட்டைக்காகக் கட்டியிருந்த கம்பிகள் இரண்டு பக்கமும் வெட்டிய நுனிகளை நீட்டிக்கொண்டு நின்றன.

பேச்சிராஜ் சாரத்திலிருந்து இறங்கி வந்தான். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“அக்கா, அண்ணாச்சி நேத்து சாயங்காலம் ஒரு ஜோசியர கூட்டிட்டு வந்தாவ. ஆலங்குளத்துக்காரரு. நூலப் பிடிச்சு அளந்து பாத்துட்டு, ஈசானியம் அடைஞ்சு கெடக்குன்னுட்டாரு.”

“கம்பிய யாரு அறுத்தா?”

“நாந்தான்.”

“எதுக்கு?”

“வாசல் வச்சா மட்டும் போதாதாம். அந்த எடத்துக்கு மேல இரும்பு குறுக்க போகக் கூடாதாம்.”

மூக்கம்மாள் சல்லடையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “இரும்பு ஆவாதாம். அவரு வந்த காரு என்ன, வாழ மட்டையிலயா செஞ்சிருந்துச்சு?”

“நீ செத்த சும்மா இரு மதினி” என்றான் பேச்சிராஜ். “அக்கா, எனக்குத் தெரியாமலா? நீங்க படிச்சுப் படிச்சு சொன்னியல்லா. கட்டர கையில எடுக்கும்போதே கை கூசுச்சு. ஆனா அண்ணாச்சி முன்னால நிக்காவ. நான் என்னத்தச் சொல்ல?”

“மூலைய மறுபடி கட்டணும். கம்பிய வளைச்சு ரெண்டு பக்கமும் சேத்துக் கட்டணும். பொறவுதான் காங்கிரீட்டு.”

“மூலை கட்டி முடிக்கவே சாயங்காலம் ஆயிரும். மிக்ஸர் ஆலங்குளத்துலேருந்து பொறப்பட்டுட்டு. பத்தரைக்குக் குளிகை முடியுது, முடிஞ்சதும் ஆரம்பிக்கணும்னு அண்ணாச்சி உத்தரவு. நாளைக்கு நாங்க ராயகிரிக்குப் போறோம், அங்கன ஒரு வீடு ஒத்துக்கிட்டாச்சு. இன்னைக்கு விட்டா இருவது நாளு ஆவும்.” அவன் நிலத்தைப் பார்த்தான். “அண்ணாச்சி நிறுத்துன்னா நிறுத்துதேன். நீங்க சொல்லி நிறுத்துனா எனக்கு இந்த ஊருல அடுத்த வேல கெடையாதுக்கா.”

அவள் செல்போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

“வியாழக்கிழமைல்லா” என்றாள் மூக்கம்மாள். “சீசன் முடியுத மட்டும் அண்ணாச்சி ஐந்தருவிலதான் இருப்பாவ. எண்ணெய்க் குளி.”

மணி எட்டு ஐந்து. சண்முகசுந்தரி ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

*

குற்றாலம் சாலையில் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. வேன்களின் கூரையில் ஈரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன, அதாவது சாரலில் மேலும் நனைந்துகொண்டிருந்தன. நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் எண்ணெய் வாசனை, ரம்புட்டான் கூடைகள், தலையில் துண்டு போட்ட கூட்டம். அவள் ஹார்னை அடித்துக்கொண்டே வளைந்து வளைந்து போனாள். எட்டு நாற்பதுக்கு ஐந்தருவி.

எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில், மூன்றாவது பலகையில், இடுப்பில் துண்டோடு குப்புறப் படுத்திருந்தார் அறக்கட்டளைத் தலைவர். முதுகு முழுக்க எண்ணெய் மின்னியது. தங்கசாமி இரண்டு கையாலும் அதில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணே.”

செந்தில்வேல் தலையை மட்டும் தூக்கினார். “ஏட்டி சுந்தரி, நீ இங்கன எதுக்கு வந்த? ஆம்பளைய கெடக்குத எடம்.”

“போன எடுத்தா நான் எதுக்கு வாறேன்?”

“துண்டோட கெடக்கேன். போன எங்கன வச்சுக்கிடதுக்கு?”

“மூலைய இடிச்சிருக்க. என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்ப.”

தங்கசாமி சிரிப்பை அடக்கி, முதுகில் பலமாக ஒன்று வைத்தான். செந்தில்வேல் எழுந்து உட்காரப் பார்த்தார். எண்ணெயில் கை வழுக்கி மறுபடி பலகையோடு படிந்தார்.

“அண்ணே, நாலடி தள்ளி வச்சுக்க. அதே கெழக்குச் சொவருலதான். வாசலுக்கு ரெண்டு பக்கமும் நிலைக்கம்பி விட்டுத் தாறேன். மேல பட்டை அறுபடாம ஓடட்டும். காத்து வரும், வெளிச்சம் வரும், எல்லாம் வரும்.”

“நாலடி தள்ளுனா அது ஈசானியம் இல்ல.”

“ஒன்னாம் வகுப்புப் பிள்ளைய உக்காருத ரூம் அது.”

“இங்கன எங்கட்டி பூமி ஆடப் போவுது? போன வருசம் சட்டி பான குலுங்கிச்சுன்னு ஊரே தெருவுல நின்னுச்சு. கடைசில பாத்தா குவாரி வெடி.”

“குவாரி வெடின்னு யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொன்னாவ.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணே. கட்டடம் உறுதின்னு நான் எழுதிக் குடுக்காம நீ பிள்ளையள உள்ள உக்கார வைக்க முடியாது.”

“நீ போடாட்டா வேற இன்ஜினியர் போடுவான். டவுன்ல நாலு பேரு இருக்கான்.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “தங்கசாமி, நீ தேய்க்குத வேலையப் பாருலே, காத இங்க நீட்டாத.”

“நான் எங்க அண்ணாச்சி நீட்டுதேன், அதுவா வருது” என்றான் தங்கசாமி.

செந்தில்வேல் ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் வழித்தார். அப்போதுதான் அவர் கண்கள் சிவந்திருப்பதை அவள் பார்த்தாள். எண்ணெயால் இருக்கலாம்.

“எம் பிள்ள ஸ்ரீமதிக்கு ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. ஒனக்குத் தெரியும்லா? இப்ப ஏழாம் மாசம். போன வாரம் ஸ்கேன்ல என்னமோ குறையுதுன்னு சொல்லுதா டாக்டரம்மா. எனக்கு ஒறக்கம் இல்ல, சுந்தரி. அவரு என்ன சொல்லுதாருன்னா, நம்ம பேருல எழும்புத கட்டடம் எல்லாத்துலயும் ஈசானியம் தெறந்து கெடக்கணுமாம். வீட்டுல சரி பண்ணியாச்சு. பாக்கி இங்கன மட்டும்தான்.”

வீட்டில் என்ன சரி பண்ணினார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஒனக்கு ஒண்ணு சொல்லணும். பூஜ்ல நாங்க இருந்த வீடு...”

“பூஜ், பூஜ். வந்ததுலேருந்து அதான். உன் பிள்ள போனதுக்கு நாங்க அழலயா? அப்பா அழலயா? அந்த அழுகையிலதான் அவரு கெடையில விழுந்தாரு. நீ கடைசியா ஒரு தடவ மூஞ்சியக் காட்டுனியாட்டி? வரல. அப்பாவுக்கு ஆவாதவ, எம் பிள்ளைக்கு ஆவப் போறியாக்கும்.”

தங்கசாமியின் கை நின்றது. பக்கத்துப் பலகையில் கிடந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அருவிச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

எண்ணெயும் கோவணமுமாக முப்பது ஆண்கள். இங்கே வைத்து அதைச் சொல்ல முடியாது. அவள் திரும்பி நடந்தாள்.

*

வரும் வழியெல்லாம் அந்தக் கடிதம் கூடவே வந்தது.

இரண்டாயிரமாவது வருடம், ஐப்பசி. கணவர் தாணுவுக்கு பூஜ் நகரத்தில் வங்கி வேலை. பழைய கல் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மகள் கோமதிக்கு ஆறு வயது. கட்ச் புழுதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க மூச்சு இளைக்கும். நீல நிற உள்நாட்டுக் கடிதத்தில் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. குண்டு குண்டான, திருத்தமான எழுத்து. விசாரித்தேன் அம்மா, நீங்கள் இருக்கும் வீட்டில் ஈசானிய மூலை அடைந்து கிடக்கிறதாம், அங்கே ஒரு வாசல் திறந்தால் குழந்தைக்கு மூச்சு நேராகிவிடும் என்கிறார்கள். அடியில் ஆவுடைநாயகம் என்று கையெழுத்து.

அவள் அப்போதே இன்ஜினியரிங் முடித்தவள். மூலையை உடைக்கக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். ஒரு வாசல்தானே என்று நினைத்தாள். வீட்டுக்காரரிடம் பேசி, எங்கே உடைக்க வேண்டும் என்று கரித்துண்டால் அவளேதான் கோடு போட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதம் கோமதிக்கு இளைப்பு குறைந்தது. அதையும் அப்பாவுக்கு எழுதினாள்.

குடியரசு தினத்தன்று காலையில் கோமதி பள்ளிக்கூடம் போகப் புது வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தாணு பதினாறு வருடம் இருந்தார். அந்த வாசலைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவரும் போன பிறகு பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனது. ஊருக்கு அடித்த தந்தியில் வீடு விழுந்துவிட்டது என்று மட்டும் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று முதலில் நினைத்தாள். பிறகு, தாங்காமல் போகட்டும் என்றும் நினைத்திருக்கிறாள். அப்பாவின் சாவுச் செய்தி வந்த அன்று ரயில் டிக்கெட்டை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சொன்னால் அண்ணன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அந்த வாசல் அப்படியே இருக்கும். பத்து வருடம், முப்பது வருடம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஒன்றும் ஆகாமல், பிள்ளைகள் போய் வந்துகொண்டிருப்பார்கள்.

*

மிக்ஸர் வந்துவிட்டிருந்தது. ஜல்லியும் மணலும் குவித்துத் தயாராக இருந்தன. புது வாசலில் ஸ்ரீமதி நின்றுகொண்டிருந்தாள்.

செந்தில்வேலின் ஒரே மகள். இருபத்தொன்பது வயது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்றாம் வகுப்பு அவளுடையது, இந்த அறைதான். ஒரு கையால் வாசலின் உடைந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, முகத்தைச் சாரலுக்குக் கொடுத்திருந்தாள்.

“அத்தை, வந்துட்டியளா. காங்கிரீட்டு அன்னைக்கு வேலையாளுக்குச் சாப்பாடு போடணும்லா, அம்மா தேங்காச்சோறு கிண்டிக் குடுத்துவிட்டா. நாப்பது பேருக்குக் கிண்டிருக்கா. இங்கன இருக்கது பதினாறு பேரு. இப்ப எனக்கு இருக்க பசிக்கு மிச்சத்த நான் ஒருத்தியே...”

“ஏட்டி, அங்கன நிக்காத.”

“ஏன் அத்தை? நல்லா காத்து வருது.”

சண்முகசுந்தரி ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் ஸ்ரீமதி தடுமாறினாள். மூக்கம்மாள் வந்து தாங்கிக்கொண்டாள்.

“என்னக்கா நீங்க, வயித்துப்பிள்ளக்காரிய இப்படியா இழுப்பாவ?”

ஸ்ரீமதி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

பத்து இருபத்தைந்துக்கு செந்தில்வேல் பைக்கில் வந்து இறங்கினார். ஈரத் தலை, நெற்றி நிறைய விபூதி. தங்கையைப் பார்க்காமலே நடந்தார்.

“பேச்சிராஜ், தேங்காய ஒடைலே. மணியாச்சு.”

தேங்காய் உடைந்தது. மிக்ஸரின் டீசல் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. எல்லாச் சத்தத்தையும் அது விழுங்கியது. ஜல்லி உருண்டது, தண்ணீர் விழுந்தது, முதல் கலவை சாம்பல் நிறத்தில் புரண்டது.

சண்முகசுந்தரி ஏணியில் ஏறினாள். சாரத்துப் பலகையில் நடந்து வடகிழக்கு மூலைக்குப் போனாள். பட்டைக் கம்பிகள் அறுந்து நிற்கும் இடத்தில், சுவரின் முடிவில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் ஒரு பக்கத்துக் கம்பி நுனியைப் பிடித்தாள். எட்டிச் சாய்ந்து மறுகையால் அடுத்த பக்கத்துக் கம்பி நுனியைப் பிடித்தாள்.

கீழே பாண்டுச்சட்டியோடு நின்றவர்கள் பேச்சிராஜைப் பார்த்தார்கள். பேச்சிராஜ் அண்ணாச்சியைப் பார்த்தான்.

செந்தில்வேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயது, மூச்சு வாங்கியது. பலகையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தார்.

“ஊரு முன்னால அசிங்கப்படுத்துதியா? எறங்கு.”

“அண்ணே, கேளு.”

“சத்தமாச் சொல்லு. கேக்கல.”

மிக்ஸர் இரைந்தது. அவள் கத்த வேண்டியிருந்தது. இருபத்துநாலு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“பூஜ்ல எங்க வீடு முழுசா விழல அண்ணே. நாலு மூலைல மூணு நின்னுச்சு. அடுப்படி நின்னுச்சு. அதான் நான் இருக்கேன். விழுந்தது ஒரு மூலைதான்.”

“எந்த மூலை?”

“அப்பா கடுதாசில எழுதுன மூலை. நான் கோடு போட்டுக் குடுத்து இடிச்ச மூலை. கோமதி அந்த வாசல்லதான் நின்னா.”

அவர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பாவ மன்னிக்க என்னால ஆவல. எனக்கே படிப்பு இருந்துச்சு, புத்தி எங்க போச்சுன்னு என்னையும் திட்டிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா அவரு சொல்லாம இருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேன்லா? அதான் அவரு சாவுக்கு வரல. ஊரு என்ன வேணா பேசட்டும், நீ என்ன வேணா கேளு. இந்த மூலைய மட்டும் விட்டுரு.”

செந்தில்வேல் என்னவோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

“என்ன?”

அவர் மறுபடி சொன்னார்.

“கேக்கல அண்ணே.”

கீழே மூக்கம்மாள் மிக்ஸர்காரனைத் தள்ளிவிட்டு எஞ்சினை நிறுத்தினாள். சத்தம் சட்டென்று அறுந்தது. செந்தில்வேல் கத்திக்கொண்டிருந்தது அப்படியே எல்லோர் காதிலும் விழுந்தது.

“அப்பா எழுதல. அந்தக் கடுதாசிய நான்தான் எழுதினேன்.”

கீழே பாண்டுச்சட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதுபோல அவர் சாதாரணக் குரலில் தொடர்ந்தார். “அப்பாவுக்குக் கை நடுக்கம்லா அப்பமே. நீ எழுதுன கடுதாசிய நான்தான் வாசிச்சேன். பிள்ளைக்கு இளைக்குன்னு எழுதிருந்த. இதே ஜோசியர்ட்டதான் போயி கேட்டேன். நான் எழுதுனா நீ கேக்க மாட்ட, படிச்சவள்லா. அதான் அப்பா பேரப் போட்டேன். அவருட்ட கேக்கவே இல்ல சுந்தரி. கடைசி மட்டும் அவருக்குத் தெரியாது.”

அவள் கையில் இருந்த கம்பிகள் எப்போது நழுவின என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். இத்தனை வருடம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிய முகம், இப்போது கூப்பிட்டதும் வரவில்லை. கையெழுத்து மட்டும் வந்தது. குண்டு குண்டாக, திருத்தமாக. கை நடுங்குகிற மனிதர் அப்படி எழுத முடியாது என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அக்கா” என்றான் பேச்சிராஜ் கீழேயிருந்து. பிறகு, “அண்ணாச்சி” என்றான். “கலவை இறுகிரும். போடவா, வேண்டாமா?”

செந்தில்வேல் அறுந்த கம்பியின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். கட்டர் பட்ட இடம் பளபளவென்று இருந்தது. ராத்திரிச் சாரலில் அதற்குள் ஓரத்தில் மட்டும் லேசாகத் துரு ஏறியிருந்தது.

“மூலையக் கட்டுலே” என்றார். “கம்பிய வளைச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் சேத்துக் கட்டு. எங்கயும் அறுபடக் கூடாது.”

“அப்ப நேரம்?”

“போனா போவுது.”

“நாளைக்கு ராயகிரி...”

“அந்த வீட்டுக்காரருட்ட நான் பேசுதேன்லே. ரெண்டு நாளு பொறுக்க மாட்டாரா?”

“முதக் கலவைய என்ன செய்ய அண்ணாச்சி?”

“கக்கூசுக்குத் தளம் போடணும்லா, அங்கன கொட்டு” என்றாள் மூக்கம்மாள். “அதுக்கு எந்த மூலைன்னு யாருட்டயும் கேக்க வேண்டாம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்கம்மாளே சிரிக்கவில்லை. பேச்சிராஜ் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தான்.

அண்ணனும் தங்கையும் சாரத்துப் பலகையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் தோளிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சாரல் வலுத்தது.

“அப்பா.”

ஸ்ரீமதியின் குரல் கீழேயிருந்து வந்தது. புது வாசலுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி அவள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னம்மா” என்றார் செந்தில்வேல்.

“போன மாசம் நம்ம வீட்டுல, நான் படுக்குத ரூம்ல, மூலைய இடிச்சு ஒரு வாசல் வச்சியளே.”

சண்முகசுந்தரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தருவியில் அவர் சொன்னது இப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. வீட்டுல சரி பண்ணியாச்சு. நூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு. அந்த அறைக்கு மேலே, மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி.

அவள் ஏற்கெனவே ஏணியில் பாதி இறங்கியிருந்தாள்.

“வாசலுக்கு மேல ஒரு கீறல் விட்டிருக்கு அத்தை” என்றாள் ஸ்ரீமதி. “நேத்து அதுல என் விரலு நொழையல. இன்னைக்குக் காலைல நொழைஞ்சுச்சு.”